ஏழை வீட்டின் பங்காளிகள்

ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு

 

ஆண்டு விழா என்றவுடன் இயலும் இசையும் நாடகமும் செவிக்கு விருந்தாகும் என்று எண்ணி நீங்கள் வந்திருப்பீர்கள். அவ்விருந்துக்குக் குறைவில்லை, அது பின்னே காத்திருக்கிறது. அதற்கு முன் சிறிது நேரம், கூரையைப் பற்றியும் சுவரைப் பற்றியும் பேச எழுந்திருக்கிறோம்.

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் மக்களின் முதல் தேவைகளாக எண்ணுவது நம் மரபு. ஒரு வேளை உணவை ஒருவரே கொடுத்துவிடலாம். ஓர் ஆடையை ஒரு கடையிலே வாங்கிவிடலாம். உறையுளோ அத்தகையதன்று. நிலம் ஒருவருடையது, சட்டம் மற்றொருவர் இயற்றுவது, பணம் பிறிதோரிடத்திலிருந்து வருவது, கட்டுபவர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர். ஒரு சிறு வீடு எழுவதற்குள் எத்தனை பேருடைய கை அதிலே படுகிறது! ஆகவேதான் 'ஏழை வீட்டின் பங்காளிகள்' என்று இப்பேச்சுக்குப் பெயரிட்டோம்.

பங்காளி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களிற் சிலர் புன்முறுவல் செய்யக் காண்கிறோம். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் வேர் கொண்ட நமக்குப் பங்காளி என்றால் வேலித் தகராறும் வாய்க்கால் வழக்கும் நினைவுக்கு வருதல் இயல்பே. பங்கு உடையவன் பங்காளி. பங்கைக் கேட்பவன் பங்காளி. மற்றவனுக்குப் பங்கே இல்லை என்று சாதிப்பவனும் பங்காளியே! ஏழைகளுக்கு வீடமைக்கும் கொள்கையிலும் இம்மூவகையாரும் உளர். அவர்களுள் யாருடைய பங்கு பெரிது? யாரைக் கடைசியிற் கேட்கிறோம்? நம்முடைய பங்கு யாது? இம்மூன்று வினாக்களையும் நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரத்தை முன்வைத்தே எண்ணிப் பார்ப்போம்.

செங்கல் சுட்ட மண்

நாம் அன்றாடம் கடந்து செல்லும் தலைமைச் செயலகக் கட்டடம் 1869ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆயில்யம் திருநாள் மன்னர் அரியணையில் இருந்த காலம். கும்பகோணத்திற் பிறந்த மாதவராவ் திவானாக இருந்த காலம். அந்தப் பெருங்கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் என்று ஊரார் சுட்டுவது, அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவிலுள்ள செங்கல்சூளையை. சூளை அணைந்தது, பெயர் நிலைத்தது. பிழைப்பு நாடி வந்த கூலி மக்களின் குடிசைகள் அங்கே நெருங்கி எழுந்தன. அரசாங்கத்தின் மாளிகைக்குச் செங்கல் தந்த மண்ணிலே குடியேறியவர்களுக்கு, நெடுங்காலம் ஒரு செங்கற்சுவர் வாய்க்கவில்லை. பிற்காலத்தில் அரசு கட்டிய அடுக்கு வீடுகள் அங்கே தோன்றின. இராஜாஜி நகர் என்னும் புதுப்பெயரும் சூட்டப்பட்டது.

பெயரைப் பற்றி ஒரு சொல் கூறிச் செல்ல விரும்புகிறோம். நம்மில் பலர் முகவரி எழுதும்போது 'காலனி' என்ற சொல்லைப் பெருமையோடு எழுதுகிறோம். அரசு ஊழியர் காலனி, வங்கி ஊழியர் காலனி என்றெல்லாம் சொல்லும்போது அச்சொல்லில் ஒரு மதிப்பு ஒலிக்கிறது. அதே சொல் தெருவைத் தாண்டி ஏழை மக்கள் வாழும் இடத்துக்குப் போனால் இழிவுச் சொல்லாக மாறிவிடுகிறது! பட்டியலினத்தாரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் காலனி என்று குறித்தலாகாது என்று கேரள அரசு 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆணை பிறப்பித்தது. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அறிவித்தார். இரண்டும் நல்ல செயல்களே. ஆயினும் பெயர்ப்பலகை மாறியபின் அதன் பின்னால் உள்ள வீடும் மாறவேண்டும் அன்றோ?

நிலத்தின் பங்கு

வீட்டுக்கு முதற்பங்காளி நிலம். இந்த நகரத்திலே ஏழையின் நிலப்பங்கைப் பற்றிப் பேசும்போது, தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கத்தக்க ஒரு குடும்பம் உண்டு.

மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்களை அறியாத தமிழர் இலர். அந்நாடக நூல் 1891ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேரூர்க்கடையில் ஆர்விபுரம் என்று தம் ஆசிரியர் ஆர்வியின் பெயரிட்ட இல்லத்தில் அவர் வாழ்ந்தார். நூல் வெளிவந்த அதே 1891இல் பிறந்த அவர் திருமகனார்தாம் பி. எஸ். நடராஜ பிள்ளை. விடுதலைப் போராட்டத்தில் இறங்கியதற்காகத் திருவிதாங்கூர் அரசாங்கம் அந்தக் குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் பறிமுதல் செய்தது. பெருநிலத்துக்கு உரியவராய்ப் பிறந்தவர் ஓலை வேய்ந்த வீட்டிற் குடியேறினார். பின்னர் 1954இல் பட்டம் தாணுப் பிள்ளை அமைத்த திரு-கொச்சி அமைச்சரவையில் நிதியமைச்சராக அமர்ந்தபோதும் அவருடைய எளிய வாழ்க்கை மாறவில்லை.

அந்த அமைச்சர்தாம் நிலச் சீர்திருத்த மசோதாக்களைச் சட்டமன்றத்துக்குக் கொண்டு வந்தவர். அவை சட்டமாகி நிறைவேறுமுன்னரே 1955ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமைச்சரவை கவிழ்ந்தது. ஆயினும் அந்த ஆண்டிலேயே குடிகிடப்புக்காரரை வெளியேற்றுதலைத் தடுக்கும் சட்டம் திரு-கொச்சியில் வந்துவிட்டது. குடிகிடப்பு என்பது யாது? சொந்த நிலம் இல்லாத ஒருவர், பிறருடைய நிலத்தில் அவர் இசைவோடு குடிசை போட்டு வாழ்வது. நில உடைமையாளர் முகம் கோணினால் மறுநாள் குடிசை இராது. பண்ணையில் வேலைக்குப் போகாவிட்டால் கூரை போய்விடும். கூலியைக் கூட்டிக் கேட்டாலும் போய்விடும். கூரையே ஒரு கடிவாளமாக இருந்த காலம் அது!

கேரள மாநிலம் உருவானபின் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பதவியேற்ற அமைச்சரவை, ஏப்ரல் 11ஆம் நாளே வெளியேற்றங்களை நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டம் பிறப்பித்தது. வழக்குகளையும் தடைகளையும் கடந்து, திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கட்டும்போது 750 ரூபாய்க்கு மேற்படாத செலவில் எழுந்த குடிசை, அல்லது மாதம் 5 ரூபாய்க்கு மேல் வாடகை பெறாத குடிசை என்று சட்டம் வரையறுத்தது. அதிற் குடியிருந்தவர் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், சிறு நகரசபைப் பகுதியில் 5 சென்ட், பெருநகரத்தில் 3 சென்ட் நிலத்தைத் தமதாக்கிக் கொள்ள உரிமை பெற்றார். மூன்று சென்ட் என்பது ஏறத்தாழ 1,300 சதுர அடி. சிறிய நிலந்தான். ஆயினும், 'நாளைக்கு எழுந்து போ' என்று எவரும் சொல்ல இயலாத நிலம் அது! இன்று கேரளத்தின் சிற்றூர்களில் ஏழையின் வீடும் தனித்துத் தலைநிமிர்ந்து நிற்கக் காண்கிறோமே, அதன் அடித்தளம் அன்று இடப்பெற்றது.

அரசின் பங்கு

நிலம் கிடைத்தவர் ஒருபுறம். அதுவும் கிடைக்காதவர் மறுபுறம். அவர்களுக்காக 1972ஆம் ஆண்டில் அச்சுத மேனன் அரசு ஒரு பெருமுயற்சியில் இறங்கியது. வீட்டுவசதி அமைச்சராக இருந்த எம். என். கோவிந்தன் நாயர் அதன் உயிர்நாடி. ஒரு இலட்சம் வீடுகள் கட்டுவது என்று முடிவு செய்தனர். அரசு நிலம் வாங்கிற்று. பொதுமக்கள் நன்கொடை தந்தனர். மாணவரும் தொண்டரும் உழைப்பைத் தானமாக அளித்தனர். 'இலட்சம் வீடு' என்னும் பெயர் மலையாளத்தில் ஒரு பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. எண்ணிக்கை இலட்சத்தை எட்டவில்லை. எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் முதன்முறையாகத் தமக்கென ஒரு கதவைச் சாத்திக்கொண்டு உறங்கின.

ஆயினும் அந்த வீடுகளிற் பல இரட்டை வீடுகள். ஒரே கூரை, நடுவே ஒரே சுவர், இருபுறமும் இரு குடும்பங்கள். செலவைச் சுருக்க அது நல்ல வழி. மகனுக்குத் திருமணம் ஆனபோது ஓர் அறையைக் கூட்ட வேண்டுமானால்? ஒரு பக்கத்தார் பழுது பார்க்க விரும்பி மறுபக்கத்தாரிடம் பணம் இல்லையானால்? கூரை ஒன்றாயிற்றே! நாம் முன்னே சொன்ன பங்காளிச் சண்டை அந்த நடுச்சுவரில் வந்து அமர்ந்தது. இரட்டை வீடுகளைப் பிரித்து ஒற்றை வீடுகளாக்குவதற்கே பிற்காலத்தில் தனித் திட்டங்கள் வேண்டியிருந்தன. நன்றி மறந்து குறை கூறுவது எம் நோக்கமன்று. தருபவரின் கணக்கு வேறு, வாழ்பவரின் கணக்கு வேறு என்பதைக் காட்டவே இதனைச் சொன்னோம்.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதே எண்ணிக்கையோடு ஒரு திட்டம் வந்தது. 1978இல் தொடங்கிய அத்திட்டத்துக்கும் நூறாயிரம் வீடுகள் என்றே பெயர். அரசே முன்னின்று கட்டியது. ஆறு ஆண்டுகளுக்குள் அந்நாடு வழியை மாற்றிக்கொண்டது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் அரசு தானே கட்டுவதைக் குறைத்து, குடும்பங்களுக்குச் சிறுகடனும் அறிவுரையும் தந்து, வீட்டை அவர்களே திட்டமிட்டு எழுப்புமாறு விட்டது. வீடற்றோர்க்கான அனைத்துலக ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதற்கும் இலங்கையின் முன்மொழிவே காரணம். அத்தகைய நாட்டிலும் மலையகத் தோட்டங்களில் உழைக்கும் நம்மவர் பலர் இன்னும் லயன் அறைகளை விட்டு வெளியேறவில்லை. அவர்களுக்கு வேலை தரும் தோட்டத்தின் பிடியிலேயே நிலமும் இருக்கிறது. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் குடிகிடப்பின் கதைதான் அங்கும்.

கொத்தனாரின் பங்கு

கட்டுபவருடைய பங்கைப் பேசும்போது, இந்நகரைத் தம் ஊராக்கிக் கொண்ட லாரி பேக்கரை விட்டுவிட்டுப் பேச இயலாது. 1917இல் இங்கிலாந்திற் பிறந்து, 1945இல் தொழுநோயாளர் தொண்டுக்காக இந்தியா வந்து, இமயமலைச் சாரலில் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர் தம் மலையாள மனைவியாருடன் திருவனந்தபுரத்திற் குடியேறியவர் அவர். 2007ஆம் ஆண்டு மறையும் வரை நாலாஞ்சிறையில் வாழ்ந்தார்.

அவர் நமக்குக் கற்றுத் தந்தது சிக்கனம், கஞ்சத்தனமன்று. செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு' முறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் சிமெண்டுக் கலவை பாரம் தாங்குவதில்லை. ஆகவே அங்கே பழைய ஓடுகளைப் பதித்துக் கலவையைக் குறைத்தார். நல்ல செங்கலுக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டார். பூந்துறையில் மீனவர்க்கு வீடமைத்தபோது, இராணுவ அணிவகுப்பைப் போல வரிசையாக நிறுத்தாமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்குமாறு அமைத்தார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது. இடையிலே வலை உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் முற்றம் கிடைத்தது. மீனவன் எப்படி வாழ்கிறான் என்று பார்த்த பின்னரே பேக்கர் கோடு கிழித்தார். அதுவே அவருடைய பெருஞ்சிறப்பு.

அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், லாரி பேக்கர் முதலியோர் சேர்ந்து 1985இல் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு அவ்வழியைத் தொடர்ந்தது. நம் சாலைக் கடைத்தெருவுக்கு அருகே, அட்டக்குளங்கரையை ஒட்டிய கரிமடம் குடியிருப்பை நீங்கள் அறிவீர்கள். 2005ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் கீழ், மாநகராட்சி அங்கே புதுக் குடியிருப்புகள் எழுப்ப முனைந்தபோது, பணி இவ்வமைப்பினிடம் வந்தது. மக்களை நகருக்கு வெளியே அனுப்பாமல், இருந்த இடத்திலேயே, அவர்களோடு கலந்து பேசி, பகுதி பகுதியாகக் கட்டினர். பணி விரைந்து முடியவில்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே ஆண்டுகள் கழிந்தன. ஆயினும் காலையில் சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை சுமக்கப் போகிறவர் நடந்தே போகலாம். பிள்ளைகள் அதே பள்ளிக்குச் செல்லலாம். இந்த ஒரு நன்மையின் விலை எவ்வளவு என்று அறிய, அது கிடைக்காத இடத்தைப் பார்க்க வேண்டும்.

பிழைப்பின் பங்கு

சென்னையிலே குடிசைமாற்று வாரியம் 1970இல் அமைந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகளைக் கட்டித் தந்த வாரியம் அது. பின்னாளில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளை நகரத்தின் விளிம்பிற் கட்டி, கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்தவர்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. வீடு கெட்டியான வீடு, ஐயமில்லை. ஆனால் வீட்டு வேலைக்குப் போன தாய்மார்களுக்கு வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பேருந்துக் கூலி கூலியைத் தின்றது. பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டனர். வீடு கிடைத்தது, வாழ்வு பின்தங்கிற்று.

நம் நகரின் கடற்கரையிலும் இவ்வழக்கு நடைபெறுகிறது. வலியதுறைப் பகுதியிற் கடல் ஏறி வந்து வீடுகளை விழுங்கியபோது, குடும்பங்கள் பள்ளி அறைகளிலும் கிடங்கிலும் பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தன. ஒரு துணித்திரைக்கு இப்பால் ஒரு குடும்பம். அப்பால் ஒரு குடும்பம். அத்தகையோருக்காக முட்டத்தறையில் 192 வீடுகள் கொண்ட குடியிருப்பு 2018ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் திறக்கப்பட்டது. பின்னர் வந்த 'புனர்கேஹம்' திட்டம் கடலுக்கு 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வகுத்தது. நிலத்துக்கு அதிக அளவாக 6 இலட்சம், கட்டுவதற்கு 4 இலட்சம். அந்த 6 இலட்சத்துக்கு இந்நகரின் கரையோரத்தில் எத்தனை சென்ட் கிடைக்கும் என்று நிலம் வாங்கியவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்! மீனவன் கடலை விட்டு விலகிப் போனால் கடல் அவனைத் தேடி வருமா? ஆகவே, ஏழையின் வீட்டுக்குப் பிழைப்பும் ஒரு பங்காளி. திட்டம் தீட்டுவோர் பலமுறை மறந்துவிடும் பங்காளி அதுவே.

பணத்தின் பங்கு

2017இல் கேரள அரசு 'லைஃப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது அதனை மூன்று கட்டங்களாக வகுத்தது. முதற்கட்டம் முன்னைய திட்டங்களில் தொடங்கி முடியாமல் நின்றுபோன வீடுகளை முடிப்பது. அவ்வாறு நின்றவை ஒன்றிரண்டல்ல, 50,000க்கும் மேற்பட்டவை! அடித்தளத்தோடு நின்றவை, கூரைமட்டம் வரை எழுந்து பாசி படர்ந்தவை. ஏன் நின்றன? அரசின் தவணைப் பணம் ஒரு கணக்கிலும், செங்கல் மணல் விலை வேறொரு கணக்கிலும் சென்றதனால் நின்றன. கையிலிருந்த தாலிக்கொடியும் அடகுக்குப் போன பின்னர் ஏழை என்ன செய்வான்? ஓலைக் குடிசையை இடித்துவிட்டுப் பாதிச் சுவரின் நடுவே படுதா கட்டி வாழ்ந்தான்.

அத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 4 இலட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. மத்திய அரசின் நகர வீட்டுத் திட்டம் 2015இல் வந்தது. அதன் பங்கு ஒன்றரை இலட்சம். எஞ்சியதை மாநிலமும் நகரசபையும் சேர்ந்து இட்டன. இதன்மேலும் குடும்பம் தன் கையிலிருந்து போடவேண்டியிருக்கிறது. 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் அயற்கூட்டங்கள், வாரந்தோறும் பெண்கள் சேர்க்கும் சிறு சேமிப்பைக் கொண்டு இந்த இடைவெளியைப் பல வீடுகளில் நிரப்பியுள்ளன. வங்கி கேட்கும் ஈடு ஏழையிடம் இல்லை. அயற்கூட்டத்துக்கு அண்டை வீட்டாள் கொடுக்கும் வாக்கே ஈடு. அவளும் ஒரு பங்காளி! மூன்றாம் கட்டமோ, நிலமும் இல்லை வீடும் இல்லை என்போருக்கானது. அதுவே மிகக் கடினமான கட்டம்.

பட்டியலில் இல்லாதவர்

இதுவரை சொன்ன எல்லாத் திட்டங்களிலும் ஏதேனும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலிற் பெயர் ஏறவேண்டுமானால் ரேஷன் கார்டு வேண்டும். அதனைத் தமிழிலே பங்கீட்டு அட்டை என்கிறோம். அந்த அட்டை இல்லாதவருக்குப் பங்கும் இல்லை!

நம் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர், தெருவைத் துப்புரவு செய்பவர், இஸ்திரி வண்டி தள்ளுபவர், நம் வீடுகளிற் பாத்திரம் துலக்கும் தாய்மார் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் தமிழ் பேசுவோர் எத்தனை பேர்! தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் இங்கே உழைத்தும், ஊரில் அட்டை, இங்கே வாடகை அறை என்று இரண்டுக்கும் நடுவில் தொங்குவோர் பலர். ஊரில் கேட்டால் 'நீங்கள்தான் அங்கே போய்விட்டீர்களே' என்பர். இங்கே கேட்டால் 'உங்கள் அட்டை அங்கே இருக்கிறதே' என்பர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தபோது வாடகை அறையின் நிலை நாடு முழுவதற்கும் தெரிந்தது. வேலை நின்ற மறுமாதமே கூரை ஆட்டம் கண்டது. அவ்வாண்டிலேயே மத்திய அரசு புலம்பெயர் தொழிலாளர்க்கு வாடகைக் குடியிருப்புகள் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்பே 2019இல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்க்குக் கேரள அரசு ஒரு விடுதியைத் திறந்திருந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் சொந்த வீடு ஒன்றையே வீடு என்று எண்ணும் வரை, வாடகைக்கு வாழும் ஏழை கொள்கையின் வாசலுக்கு வெளியேதான் நிற்பான்.

நம்முடைய பங்கு

அன்பர்களே! நிலம், அரசு, கொத்தனார், பிழைப்பு, பணம் என ஐந்து பங்காளிகளைக் கண்டோம். இவர்கள் எல்லோரினும் பெரிய பங்கு வீட்டிற் குடியிருக்கப் போகிறவருடையது. மற்றவர்களுக்கு அது ஒரு கோப்பு, ஓர் ஒப்பந்தம், ஒரு வாக்குறுதி; அவருக்கோ அது வாழ்நாள். அவரை முதலிற் கேட்ட இடங்களில் வீடு நிலைத்தது. கடைசியிற் கேட்ட இடங்களில் சுவர் நின்றது, வாழ்வு நிற்கவில்லை. நாம் சொல்ல வந்த செய்தி இவ்வளவே.

இனி நம் பங்கு யாது? நாம் அமைச்சரும் அல்லோம், பொறியாளர் சிலரே. ஆயினும் நமக்கும் மூன்று பங்குகள் உண்டு.

முதலாவது, எழுத்தின் பங்கு. பயன்பெறுவோர் பட்டியல் வார்டு சபையில் வைக்கப்படுகிறது. படிவம் மலையாளத்தில் இருக்கிறது. நம் மக்களுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், இம்மாநிலத் தமிழர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை ஏட்டில் உறங்குகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓய்வு பெற்ற அலுவலர் நால்வரும் கல்லூரி மாணவர் நால்வரும் நம் சங்கக் கட்டடத்தின் முன்னறையில் அமர்ந்து, அட்டை மாற்றவும் விண்ணப்பம் எழுதவும் உதவினால் எத்தனை பெயர்கள் பட்டியலில் ஏறும்! தமிழ்த் தொண்டு என்பதற்கு இதனினும் நேரிய பொருள் உண்டோ?

இரண்டாவது, வீட்டுக்காரர் பங்கு. நம்மிற் பலர் வீட்டின் பின்கட்டையோ மேல்மாடியையோ வாடகைக்கு விடுகிறோம். முன்பணத்துக்குச் சீட்டு, வாடகைக்கு ஓர் எழுத்து ஒப்பந்தம், குழாய்த் தண்ணீர், கதவுள்ள கழிப்பறை ஆகியவை தயவு அல்ல, கடமை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் முகவரிச் சான்று கிடைக்கும். முகவரிச் சான்று இருந்தால்தான் அட்டை கிடைக்கும். ஒரு தாளில் நாம் இடும் கையெழுத்து ஒரு குடும்பத்துக்குக் கதவு திறக்கும்.

மூன்றாவது, அண்டை வீட்டார் பங்கு. இதுவே கடினமானது. விடியற்காலை ஆறு மணிக்கு நம் வீட்டுக்கு வேலையாள் வரவேண்டும். ஏழு மணிக்குக் காய்கறி வண்டி வரவேண்டும். அவர்கள் குடியிருக்கும் வீடு மட்டும் நம் தெருவுக்கு அருகே வரலாகாது! இது நியாயமாகுமா? நம் பகுதியில் ஏழைகளுக்குக் குடியிருப்பு எழும் என்ற பேச்சு வரும்போது, மனை விலை குறையும் என்று மனு எழுதுவோர் பக்கம் நம் பெயர் சேரலாகாது. பிற மொழி பேசும் மண்ணிலே இடம் தேடி வந்து, கரமனையிலும் கோட்டைக்குள்ளும் சாலையிலும் மலையாள மக்கள் அன்போடு தந்த அண்டை வீட்டு உறவினால் வேரூன்றியவர்கள் நாம். நமக்கு இடம் கொடுத்தவர்களின் பண்பை நாமும் பிறருக்குக் காட்டுவதே முறை.

ஒன்றைக் கூறி முடிக்கிறோம். பங்காளி என்னும் சொல்லுக்கு வழக்குமன்றம் ஒரு பொருள் தந்திருக்கலாம். நம் குடும்ப வழக்கில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நல்லதற்கும் கெட்டதற்கும் முதலில் வந்து நிற்க வேண்டியவன் பங்காளி. அவன் வாராமல் பந்தற்கால் நடுவதில்லை. ஏழை வீட்டின் பந்தற்கால் நடும் நாளில் நாமும் அவ்வாறு சென்று நிற்போமாக.